படகுக்குள் ஒரு தக்காளித் தோட்டம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஃபைபர் படகு இரண்டு வருடமாகக் கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அதை நிமிர்த்தி வாசலுக்கு இழுத்து வந்து, உள்ளே மண்ணைக் கொட்டி, தக்காளிச் செடி வைக்கலாம் என்று ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மடவை மீன் குழம்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா சொன்ன?"

"படகுல மண்ணு போட்டு செடி வைக்கலாம்னு சொன்னேன்."

"படகுல மண்ணு போடறதா? அத்த என் தலையில போடு."

அத்தோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. பதினாறு வருடக் குடித்தனத்தில் அவர் மடவைக் குழம்பை மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தொழில் பண்ணுகிற படகில் மண் விழுவதென்றால் பிழைப்பில் மண் விழுகிற மாதிரி என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. கால் சேற்றோடு ஏறினால்கூடக் கழுவிவிட்டு ஏறச் சொல்வார்கள். ஆனால் எனக்கு அந்த நினைப்பு ரத்தத்தில் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது பொன்னேரிக்கு அந்தப் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவில். கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் பசியாவரம். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு. சுற்றிலும் தண்ணீர், காலடியில் மணல், இரண்டிலும் உப்பு. வந்த புதிதில் அம்மா வீட்டிலிருந்து கனகாம்பரக் கன்று கொண்டுவந்து நட்டேன். ஒரே வாரத்தில் கருவாடு மாதிரி காய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு ரோஜா வைத்தேன். அதை ஆடு தின்றுவிட்டது என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். அந்த ஆடு ரோஜாவை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் செடி என்ற பேச்சையே விட்டுவிட்டேன்.

மறுபடி அந்த ஆசையைக் கிளப்பியது போன்தான். கூரை வீடு போய் எங்களுக்குக் கான்கிரீட் வீடு வந்திருந்தது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சிமென்ட் பூசியதோடு வேலை நின்றுபோயிருந்தது. ஜன்னல் ஓரமாக என் தையல் மெஷின். ஊரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அந்த மெஷினில்தான் உருவாகும். மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, தைத்துக்கொண்டே வீட்டு அலங்கார வீடியோக்கள் பார்ப்பேன். அதில் ஒரு பெண் பழைய டயரைப் பூத்தொட்டி ஆக்குவாள். பழைய சேலையைத் திரைச்சீலை ஆக்குவாள். ஏணியை அலமாரி ஆக்குவாள், அலமாரியைக் கட்டில் ஆக்குவாள். எதையாவது வேறு எதுவாகவாவது ஆக்காமல் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது.

முதலில் கிழிந்த இறால் வலை ஒன்றை அலசிக் காயவைத்து, அறை வாசலில் திரையாக மாட்டினேன். ஜன்னலில் விழுந்த வெயில் வலைக்கண் வழியாகத் தரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்ததைப் பார்த்து எனக்கு ஒரே பூரிப்பு. அரை மணி நேரம்தான். என் மாமியார் கையில் காபி டம்ளரோடு அந்த வழியாக நுழைந்தார். கொண்டை ஊசி வலையில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கப் போன கை மாட்டியது. கையை விடுவிக்கக் குனிந்ததில் மூக்குத்தி மாட்டியது.

"அடியே! நான் இன்னா கெளுத்தியா?" என்று உள்ளிருந்து சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், காபி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வலைக்குள் நிற்கிறார். எனக்கு வந்த சிரிப்பில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். வலை வெளியே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் படகு யோசனை. வீட்டுக்காரர் சோற்றை மிச்சம் வைத்துவிட்டுப் போனதும், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் என் பக்கத்தில் வந்து கீழே உட்கார்ந்தார். மெஷினிலிருந்து விழுந்த துணித் துண்டுகளைப் பொறுக்கினார். அப்புறம் மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது போலக் கேட்டார்:

"அதுல கொத்தமல்லி வருமா?"

என் மாமியாருக்குக் கொத்தமல்லி மேல் அப்படி ஒரு பைத்தியம். பழவேற்காட்டுச் சந்தையில் வாங்கி, படகில் ஏறி, வெயிலில் ஏரியைக் கடந்து வீடு வந்து சேர்வதற்குள் கட்டு துவண்டுபோய்விடும். ஒவ்வொரு தடவையும் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "செத்துப் போச்சு" என்று சொந்தக்காரர் செய்தி மாதிரி சொல்வார்.

"தாராளமா வரும் அத்தை," என்றேன்.

"அப்ப நான் பேசறேன்."

சாயங்காலம் மகனைப் பிடித்துக்கொண்டார். நான் சமையல்கட்டில் நின்று கேட்டேன்.

"டேய், அது படகுன்னு எவன் சொன்னது? தண்ணில போனாத்தான் படகு. தரையில குப்புறக் கெடந்தா அது கோழிக்கூண்டு. நம்ம வீட்டுக் கோழி அதுக்கடியிலதான் முட்ட வெக்குது, தெரியும்ல?"

"எம்மா, நீ சும்மா இரு. நைனா போனப்புறம் நானா சம்பாரிச்சு வாங்குன மொத படகு அது. அதுல மண்ணக் கொட்டுனா மனசுக்கு இன்னாவோ மாரி கீது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படகு வெடித்த அன்று அவர் அதைக் கரையில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. புதுப் படகு வந்த பிறகும் பழையதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. நான் அதை வெறும் தொட்டியாகப் பார்த்துவிட்டேன். போய், "வேணாம், விட்டுடலாம்," என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியார், "செரி, மொறையா அனுப்பி வெச்சிட்டா ஒனக்கு மனசு ஆறுமா?" என்று கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுக்காமல் போனதே பாதிச் சம்மதம் என்று மாமியார் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சள் தண்ணீர், குங்குமம், கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். படகின் முகப்பில் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, கற்பூரத்தை ஏற்றினார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். மாமியார் படகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ராசா, எம்புள்ளைய இத்தினி வருசம் தண்ணில முங்காம வெச்சிருந்த. அந்தக் கடன நான் மறக்க மாட்டேன். இன்னியோட ஒன் வேல முடிஞ்சிது. இனிமே நீ படகு இல்ல. சந்தோசமா போய்ட்டு வா."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராகச் சட்டென்று குனிந்து, "இல்ல இல்ல, எங்கியும் போவாத. இங்கியே இரு. கொத்தமல்லி போடணும்," என்றார்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம், அப்புறம் வயிறு குலுங்க. நானும் சேர்ந்துகொண்டேன். மாமியார், "கற்பூரம் எரியும்போது சிரிக்கக் கூடாதுடா," என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்கள் சண்டை கரைந்துபோனது.

மறுநாள் நான் பழவேற்காட்டுக்குப் போனேன். அங்கே பள்ளிவாசல் தெருவில் ஒரு அக்காவுக்கு வழக்கமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பேன். பழைய பெரிய வீடு அவர்களுடையது. மொட்டை மாடி முழுக்கச் செடிதான். பெயிண்ட் டப்பாவில் மிளகாய், ஓட்டைக் குக்கரில் புதினா, பிரியாணி அண்டாவில் எலுமிச்சை. படகு விஷயத்தைச் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவா? முழுப் படகா? எவ்ளோ நீளம்?"

"இருவது அடிக்கு மேல இருக்கும்க்கா."

"மாஷா அல்லா! நான் ஓட்ட குக்கரோட மல்லுக்கட்றேன். நீ தேரே வெச்சிருக்கியேம்மா."

உடனே மாடிக்கு இழுத்துப் போய், கனகாம்பரம், செம்பருத்தி, புதினா என்று ஒடித்து ஒடித்து ஈரத்துணியில் சுற்றினார். தக்காளி விதை, பூசணி விதை, அவரை விதை பொட்டலம் கட்டினார். "அடியில தண்ணி வடியணும். அதான் முக்கியம். வேர் ஊறிப்போனா அம்புட்டுதான்," என்று மூன்று தடவை சொன்னார். அடியில்தான் வெடிப்பு இருக்கிறதே, அது வழியாகவே வடிந்துவிடும் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

திரும்பி வந்தால் எங்கள் வாசலில் படகு நிமிர்ந்து நிற்கிறது. வீட்டுக்காரர் கூட்டாளிகள் நாலைந்து பேரைச் சேர்த்து இழுத்து வந்து, மரக்கட்டைகள் மேல் கொஞ்சம் உயர்த்தி, மட்டம் பார்த்து வைத்திருந்தார். முகப்பு ஏரியைப் பார்த்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடும் போல இருந்தது.

"எப்பிடி?" என்றார்.

"ஐயோ, சூப்பர்ங்க!" என்று நான் துணி மூட்டையோடு சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் முகத்தில் ஒரு ரகசியச் சிரிப்பு இருந்தது. படகை வாசலுக்குக் கொண்டுவந்த பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மண். தீவில் செம்மண்ணுக்கு எங்கே போவது? என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் சின்ன லோடு வண்டியில் செம்மண்ணும் மாட்டு எருவுமாக இருபது மூட்டையையும், அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய், கறிவேப்பிலைக் கன்றுகளையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுப் படகுத்துறைக்கு வந்து நின்றான். நானும் மாமியாரும் வீட்டுக்காரரோடு அவருடைய புதுப் படகில் போய்ச் சேர்ந்தோம். மாமியார் வர வேண்டிய அவசியமே இல்லை. "மண்ணு நல்ல மண்ணான்னு பாக்க வேணாமா?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் முதல் மூட்டையைத் தோளில் தூக்கி வந்ததும்தான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பழைய படகில் மண் போடுவதற்குப் பூஜை எல்லாம் போட்டாகிவிட்டது. ஆனால் அந்த மண் வந்து சேர வேண்டியது புதுப் படகில், தொழில் பண்ணுகிற படகில். வீட்டுக்காரர் மூட்டையைப் பார்த்தார். மூட்டை அவரைப் பார்த்தது. அண்ணன், "சீக்கிரம் சொல்லுங்க மாப்ள, தோள் நோவுது," என்றான்.

மாமியார்தான் தீர்ப்பு சொன்னார். "மூட்டைக்குள்ள கட்டிக் கெடந்தா அது மண்ணு இல்லடா. சரக்கு. ஏத்து."

இருபது மூட்டை சரக்கும் ஏறியது. கன்றுகள் ஏறின. மாமியார் மூட்டைகளுக்கு மேலே ஏறி, மடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்துக்கொண்டு, ஊர்வலச் சாமி மாதிரி உட்கார்ந்தார். படகு தண்ணீரில் நன்றாக அமுங்கியது. எதிரே இறால் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த படகிலிருந்து ஒருவர் கத்தினார்:

"இன்னா நைனா, மண்ணு ஏத்திகினு போற? ஊர் பத்தலன்னு தீவப் பெருசு பண்றியா?"

"ஆமா, ஒனக்கும் ஒரு மனை வேணுமா?" என்று இவர் திருப்பிக் கத்தினார். அந்தப் படகில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதே தலை கொஞ்சம் கிறுகிறுக்க ஆரம்பித்துவிட்டது. சின்ன வயதில் ராட்டினத்தில் ஏறினால் வருமே, அந்த மாதிரி.

பாதி வழியில் படகு நின்றது. எங்கள் ஏரியில் பல இடத்தில் ஆழம் முழங்காலுக்கு மேல் இருக்காது. வெறும் படகு அதன் மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும். இருபது மூட்டையோடு போன படகு மணல் திட்டில் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் மோட்டாரைத் தூக்கிவிட்டு, கோலை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"எறங்கு," என்றார் என்னிடம்.

இறங்கினேன். புடவை முழங்கால் வரை நனைந்தது. இரண்டு பேரும் தள்ளினோம். அசையவில்லை.

"எம்மா, நீயும் எறங்கு."

"நான் எறங்கினா கறிவேப்பில?"

"அத்த தலையில வெச்சிக்கோ!"

அவர் நிஜமாகவே கன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார். மூன்று பேரும் படகின் பின்பக்கம் கையை வைத்தோம். "ஒண்ணு, ரெண்டு..." என்று வீட்டுக்காரர் எண்ணும்போது நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மாமியார் தலையில் கறிவேப்பிலை ஆடுகிறது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து கையில் பலமே இல்லாமல் போய்விட்டது. என்னைப் பார்த்து மாமியாருக்கும் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க, தள்ளுங்க!" என்று அதட்டிய வீட்டுக்காரர் அதட்டி முடிப்பதற்குள் தானே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். ஏரி நடுவில் மூன்று பேர், சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிக்கிறோம். தூரத்தில் நின்ற பூநாரைக் கூட்டம் ஒன்று எங்கள் சத்தத்துக்குப் பயந்து எழும்பிப் போய் வேறு இடத்தில் இறங்கியது.

ஒரு வழியாகப் படகு அசைந்தபோது ஓரத்திலிருந்த மூட்டை ஒன்று சரிந்து வாய் அவிழ்ந்தது. செம்மண் கொஞ்சம் தண்ணீரில் கொட்டி, கலங்கிய ஏரியில் செங்கல் நிறத்தில் ஒரு மேகம் பரவியது. என் பிறந்த ஊர் மண் என் புகுந்த ஊர்த் தண்ணீரில் கரைவதை நான் சிரிப்பு நின்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். "போனா போவுது, ஏறு," என்று வீட்டுக்காரர் கை கொடுத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் படகில் மண் நிரம்பியது. அடியில் உடைந்த ஓடும் தேங்காய் நாரும், அதன் மேல் மண்ணும் எருவும். முகப்பில் பூசணி, நடுவில் தக்காளியும் மிளகாயும், ஓரமாக அவரையும் கறிவேப்பிலையும், பின்பக்கம் மோட்டார் மாட்டுகிற இடத்தில் மாமியாரின் கொத்தமல்லி. கனகாம்பரத்தை நான் ஜன்னலுக்கு நேராக வைத்தேன், தைக்கும்போது தெரிய வேண்டும் என்று. அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போனது. பத்தாம் நாள் கொத்தமல்லி முளைத்தது. மாமியார் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். அந்த அளவுக்கு அது பார்க்கிற மாதிரி இல்லை. பச்சை நூல் சிந்தின மாதிரிதான் இருந்தது. ஆனால் எல்லோரும் குனிந்து பார்த்து, "அட ஆமா," என்றார்கள்.

தக்காளிச் செடி ஒரு சாண் உயரம் வந்தபோது மழை பிடித்தது. ஒன்றரை நாள் விடாமல் அடித்தது. மழை ஓய்ந்த காலையில் கதவைத் திறந்து பார்த்தேன். படகு விளிம்பு வரை தண்ணீர். அதில் மிளகாய்ச் செடிகள் மிதக்கின்றன, தக்காளிச் செடிகள் படுத்துக் கிடக்கின்றன, தேங்காய் நார் வாத்து மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

"எங்க போச்சு வெடிப்பு?" என்று அலறினேன். "தண்ணி வடியவே இல்லியே!"

வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தார். பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. பெருமை.

"பாத்தியா," என்றார். "ஒரு சொட்டு ஒழுவல."

"இன்னா பாத்தியா?"

"நீ அன்னிக்குப் பழவேற்காட்டுக்குப் போனல்ல? நிமித்தறதுக்கு முன்னாடி அடியில ரெசின் பசை ஊத்தி, ஃபைபர் நாரு ரெண்டு அடுக்கு போட்டு ஒட்டிட்டேன். மண்ணு சிந்தாம இருக்கட்டும்னு. ஒனக்கு ஒயுங்கா செஞ்சு குடுக்கணும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் மிதக்கிற மிளகாயைப் பார்த்ததும் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது, அன்றைய ரகசியச் சிரிப்பு எதற்கு என்று. வெடித்த நாளில் ஒட்ட முடியாது என்று ஒதுக்கிவைத்த படகு அது. இரண்டு வருடம் தொடாததை, நான் செடி வைக்கப் போகிறேன் என்பதற்காக ஒரே நாளில் ஒட்டியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சண்டை போடுவது?

மாமியார் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "படகு மெதக்கலன்னாலும் செடி மெதக்குது."

குண்டான், குடம், வாளி என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு தண்ணீரை இறைத்துப் பார்த்தோம், பாதிகூடக் குறையவில்லை. பிறகு அடியில் ஓட்டை போட வேண்டும். படகு வேலை செய்கிற தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பேட்டரியில் ஓடுகிற டிரில்லை வாங்கி வந்தார் வீட்டுக்காரர். வாங்கி வந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார்.

"இன்னா ஆச்சு?"

"பொறந்ததுலேந்து ஓட்டய அடைச்சுதான் பழக்கம். போட்டது இல்ல." டிரில்லை என்னிடம் நீட்டினார். "நீ போடு. நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

நிஜமாகவே முதுகைக் காட்டித் தரையில் குந்திக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து, படகின் பக்கவாட்டில் அடிக்குக் கொஞ்சம் மேலே வைத்து அழுத்தினேன். டிர்ரென்று உள்ளே போனது. உருவினேன். உருவிய வேகத்தில் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் ஒதுங்கிவிட்டேன். அது நேராகப் போய் அவர் முதுகில் விழுந்தது. வெள்ளை பனியனில் செம்மண் தண்ணீர், கழுத்திலிருந்து இடுப்பு வரை.

அவர் மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து டிரில்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து அடுத்த ஓட்டையைப் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் வில் மாதிரி வளைந்து கொட்டியது. தெருப் பிள்ளைகள் ஓடிவந்து அதில் குளிக்க ஆரம்பித்தார்கள். மாமியார், "போதும்டா, சல்லடயா பண்ற?" என்று கத்தினார். பதினான்கு ஓட்டை போட்டுவிட்டுத்தான் எழுந்தார். முகமெல்லாம் சேறு. இருபத்தைந்து வயதில் என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தார்.

தக்காளியில் பாதி பிழைத்தது. மிளகாயை மறுபடி நட்டோம். பூசணிக்கு மட்டும் அந்த வெள்ளம் ஒரு பொருட்டே இல்லை. அது படகின் முகப்பில் இறங்கி, தரையில் ஊர்ந்து, வீட்டுச் சுவரில் ஏற ஆரம்பித்தது.

பச்சைக் கொடி ஏறியதும்தான் சுவரின் சாம்பல் நிறம் கண்ணை உறுத்தியது. நான் போனில் தேடினேன். இந்தக் காலத்தில் சாம்பல் நிறம்தான் பெரிய நாகரிகம் என்று அந்த வீடியோப் பெண் சொன்னாள். மாமியாரிடம் சொன்னேன்.

"அப்ப நாம சிமென்ட் பூசின அன்னிக்கே நாகரிகமாயிட்டோமா?" என்று கேட்டார். "எனக்கு வேணாம்மா இந்த நாகரிகம். நம்ம படகெல்லாம் இன்னா கலர்ல கீது, வீடு மட்டும் ஏன் சாம்ப மாரி இருக்கணும்?"

பொங்கலுக்கு முன்னால் ஊரில் எல்லோரும் படகுக்கு வர்ணம் அடிப்பார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வீட்டுக்காரர் ஒரு வாரம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு. எதுவும் முழு வீட்டுக்குப் போதாது. அதனால் ஆளுக்கு ஒரு சுவர் என்று முடிவு செய்தோம். முன் சுவர் எனக்கு. நீலம் அடித்து, கீழே மஞ்சளில் ஒரு பட்டை இழுத்தேன். ஏரிப் பக்கச் சுவரை அவர் பச்சை அடித்து, படகுக்குப் போடுவது போலவே இரண்டு சிவப்புக் கோடு போட்டார், அளவெடுக்காமல், நூல் பிடித்த மாதிரி. மாமியார் தன் சுவருக்கு மஞ்சளையும் சிவப்பையும் கலந்தார். இன்னும் கொஞ்சம் சிவப்பு, இன்னும் கொஞ்சம் மஞ்சள் என்று கலந்துகொண்டே இருந்ததில் பழுத்த பப்பாளி நிறம் ஒன்று வந்தது. "இதான்," என்றார். கைக்கு எட்டிய உயரம் வரை அவரே அடித்தார். அதற்கு மேல் எங்களைத் தொட விடவில்லை. அதனால் அந்தச் சுவர் பாதி பப்பாளி, மேலே பாதி சிமென்ட். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு மூன்று சுவரிலும் அதுதான் பிடிக்கும்.

முதல் தக்காளி பழுத்தபோது ஒன்றே ஒன்றுதான் பழுத்தது. அதை மூன்றாக நறுக்கி, உப்பு தொட்டு, நின்றபடியே தின்றோம். கொஞ்சம் புளிப்பு. வீட்டுக்காரர், "நல்லா கீது," என்றார், மறுபடி ஒரு தடவை, "நல்லா கீது." மீன் பிடிக்கிற மனிதர் ஒரு பழத்தை அவ்வளவு நேரம் மென்று நான் பார்த்ததில்லை. பிறகு பழங்கள் கூடை கூடையாக வந்தன. ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் கையில் இரண்டு கொடுத்து அனுப்பினேன். பள்ளிவாசல் தெரு அக்கா ஒரு நாள் படகேறி நேரில் பார்க்க வந்தார். சுற்றி வந்து பார்த்துவிட்டு, படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, தன் போனை என்னிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். பின்னால் ஏரி, பக்கத்தில் பூசணிப்பூ. "நான் ஓட்டிட்டுப் போற மாதிரி கை வெக்கட்டுமா?" என்று கேட்டு அப்படியே வைத்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், காலை வெயில் ஏறுகிற நேரம், தெருக்கோடி வீட்டுப் பெண் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தைக்கத்தான் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று அளவு நாடாவை எடுத்தேன்.

"அதெல்லாம் இல்லக்கா. எங்க ஊட்டு ஃபிரிட்ஜி செத்துடுச்சு. உப்புக் காத்துல துருப்புடிச்சு அடியெல்லாம் ஓட்ட. மல்லாக்கப் படுக்க வெச்சா இன்னா போடலாம்?"

மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். நாலு பெண்கள் சேர்ந்து அந்த ஃபிரிட்ஜை வீட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்தோம். நாலடிக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள், எல்லோரும் இறக்கி வைத்துவிட்டுச் சிரித்து முடித்துவிட்டு மறுபடி தூக்குவோம். கதவு வேறு நடுநடுவே திறந்து திறந்து ஆடியது. அதைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை.

இப்போது அதில் வெண்டை பூத்திருக்கிறது. உச்சி வெயிலில் செடி வாடாமல் இருக்க அவள் கதவைப் பாதி சாத்திவைக்கிறாள். சாயங்காலம் திறந்துவிட்டு, உள்ளே குனிந்து பார்க்கிறாள்.